தலைமாட்டில் செல்போன் வேண்டாம். தாயின் குரல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கம் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், செல்போனில் அலைச் சத்தமோ மழைச் சத்தமோ போட்டுத் தலைமாட்டில் வைக்கும் பழக்கம் பெருகிவருகிறது. இதமான ஒலி இந்தப் பிள்ளைகளின் தூக்கத்துக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் எந்த ஒலி, எவ்வளவு, எத்தனை நேரம் என்பது தெரியாமல் செய்தால் கெடுதலே மிஞ்சும்.

கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய 25 வாரத்தில் காது கேட்கத் தொடங்குகிறது. அதை எட்டுவது தாயின் இதயத் துடிப்பும் ரத்த ஓட்டத்தின் இரைச்சலும் அவள் குரலும்தான். கீச்சென்ற சத்தங்களைத் தாயின் உடம்பும் பனிக்குட நீரும் பெருமளவு மட்டுப்படுத்திவிடும். செல்போனின் சிறிய ஸ்பீக்கரோ அடிக்குரலை விட்டுவிட்டுக் கீச்சு இரைச்சலையே அதிகம் தருகிறது. குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கப்படும் 14 ஒலிக்கருவிகளைச் சோதித்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், முழுச் சத்தத்தில் வைத்தபோது 30 செ.மீ. தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மூன்று 85-ஐயும் தாண்டின. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சராசரிச் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், திடீர்ச் சத்தம்கூட 65-ஐத் தாண்டக்கூடாது என்பது வரையறை. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல்.

அதனால் பாட்டுக்கு முன்னால் அமைதி வேண்டும். மருத்துவமனையில் பிள்ளையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் மேல் பால் கிண்ணத்தையோ சிகிச்சைக் குறிப்பு அட்டையையோ 'டொக்'கென்று வைத்தால், உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு அது பறைக்குள் இருந்து கேட்பதுபோல் அதிரும். கைவிடும் துவாரத்தின் கதவைத் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தபடியே மூட வேண்டும். கருவியின் அலாரம் அடித்தால் செவிலியர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே உடனே நிறுத்த வேண்டும். செல்போனை எக்காரணம் கொண்டும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், 32 வாரம் நிறைந்த குறைமாதக் குழந்தைகள் 272 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. அதில் ஒலித்தது ரெக்கார்டு செய்த பாட்டு அல்ல. பிள்ளையின் மூச்சை நேரில் கவனித்து, அதற்கு இசைவாக எழுப்பிய மெல்லிய ஓசை; பெற்றோருக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக இழைத்துப் பாடியது. மூச்சோசை போன்ற ஒலியில் இதயத் துடிப்பு நிதானப்பட்டது, தூக்கத்திலும் மாற்றம் தெரிந்தது. பெற்றோரின் பாட்டில் பிள்ளைகள் நன்றாகப் பால் குடித்தன. நம் அம்மாச்சிகளும் உம்மாக்களும் பாடும் 'ஆராரோ ஆரிரரோ' இதற்கு அப்படியே பொருந்தும்: ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், குரல் சட்டென்று ஏறி இறங்காது.

டாக்டர் சம்மதித்த பிறகு, பால் கொடுத்து அரை மணி கழித்துத் தொடங்கலாம். தாய் சாய்ந்து உட்கார்ந்து, டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை மார்போடு மார்பாகக் கங்காரு முறையில் அணைத்துக்கொள்ளட்டும். முதலில் வாய் திறக்காமல் முனகினால் போதும்; பிள்ளையின் மூச்சு ஒழுங்கானதும் மெதுவாகப் பாடலாம். தட்டுவது, ஆட்டுவது, பாடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். பாட்டு 15, 20 நிமிடம் போதும். அணைப்பைத் தொடரலாம், எடை குறைந்த பிள்ளைகளுக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை கங்காரு முறை நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல்களை விரித்தாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, விக்கல் எடுத்தாலோ, நிறம் மாறினாலோ பாட்டை உடனே நிறுத்த வேண்டும். மூச்சுத் திணறினால், நிறம் நீலமாகப் போனால் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஆரம்ப நாட்களில் பாட்டே வேண்டாம். கைச்சூடும் தாழ்ந்த குரலில் ஓரிரு சொல்லும் போதும்.

வீட்டில் அதிகம் நடக்கும் தவறு வேறு. பிள்ளை கண்ணிமைக்குள் விழியை உருட்டும், சிரிக்கும், முகம் சுளிக்கும், மூச்சு சீரில்லாமல் வரும். விழித்துவிட்டது என்று தூக்கித் தட்டுகிறார்கள். அதுவும் தூக்கம்தான், மூளை வளர்வதில் அந்தத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பால் நேரம் வரவில்லையென்றால் தொடாமல் விடுங்கள். சேலைத் தூளியும் இப்போதைக்கு வேண்டாம். குறைமாதப் பிள்ளையின் கழுத்து மடங்கி, முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் அடைபடலாம். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

வெளிச் சத்தத்துக்கு நாம் எல்லோருமே பொறுப்பு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலமான மருத்துவமனைச் சுற்றுப்புறத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் அனுமதி. திருவிழா, கந்தூரி, கூட்டம் எதுவானாலும், குழாய் ஒலிபெருக்கியை மருத்துவமனைப் பக்கம் திருப்பிக் கட்டாதபடி விழாக் குழுவினரும் காவல்துறையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒன்று விட்டுப்போகக்கூடாது. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் சில பிள்ளைகளின் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். அவை போடப்பட்ட பிள்ளைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த பிள்ளைக்கும் 'பெரா' என்னும் செவித்திறன் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். செய்யவில்லையென்றால், ஊருக்குத் திரும்புமுன் அதற்கான தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைகள் பிரிவுச் செவிலியர் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.