மகளுக்கு: ஒரு பழைய விடையின் திருத்தம்

அன்புள்ள மகளுக்கு,

நீ உயர்தரம் படித்த 2005ஆம் ஆண்டில், மின்சாரம் நின்ற ஓர் இரவு, நம் கோண்டாவில் வீட்டு முற்றத்தில் கன்னி ராசியைக் காட்டி, அங்கே வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 3சி 273 என்ற குவாசரைப் பற்றிச் சொன்னேன்; குவாசர் என்பது, நடுவிலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மையம். அக்கருந்துளையருகிலிருந்து பீறிட்டுப் பாயும் துகள்களின் தாரையில் எக்ஸ் கதிர் பிறப்பது எப்படி என்று நீ கேட்டதற்கு அன்று நான் தந்த விடை பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஓய்வுபெற்ற பின்னும் பௌதிக ஆசிரியனுக்கு விடைத்தாள் திருத்தும் பழக்கம் போவதில்லை.

வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி, 1999இல் தன் குவியத்தைச் சரிபார்க்கப் பிகேஎஸ் 0637-752 என்ற குவாசரை நோக்கியது. வெறும் புள்ளியாகத் தெரியும் என்று நம்பித் தெரிவுசெய்த அப்பொருளின் அருகே, மூன்று இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீண்ட தாரையும் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. வானொலி அலையையும் கட்புல ஒளியையும் தரும் இலத்திரன்களைக் கொண்டு கணக்கிட்டால் அவ்வளவு எக்ஸ் கதிர் கிடைக்கவில்லை. ஆகவே, தாரை கடைசிவரை ஒளிவேகத்தை ஒட்டியே பாய்கிறது, அதிலுள்ள இலத்திரன்கள் பெருவெடிப்பின் எச்சமாக எங்கும் பரந்துள்ள பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியின் போட்டன்களை (ஒளித்துகள்களை) மோதி எக்ஸ் கதிராக உயர்த்துகின்றன என்று விளக்கினார்கள். நான் உனக்குச் சொன்னதும் அதுதான்.

அது உண்மையானால், அதே தாரையில் இன்னும் ஆற்றல் கூடிய இலத்திரன்கள் அதே போட்டன்களைக் காமாக் கதிராக உயர்த்தியே தீர வேண்டும். அந்தக் கதிரும் ஏறி இறங்காமல் சீராக வரவேண்டும். 2008இல் ஏவப்பட்ட பெர்மி காமாக் கதிர்த் தொலைநோக்கி பல ஆண்டுகள் பார்த்தும், இவ்விரு குவாசர்களிலும் எதிர்பார்த்த அளவுக்கு அது இல்லை. மிகத் தொலைவான குவாசர்களில், நாம் காணும் ஒளி புறப்பட்டது அந்தப் பின்னணி ஒளி அடர்த்தியாக இருந்த காலம் என்பதால், பழைய விளக்கம் இன்னும் பொருந்தக்கூடும். இவ்விரண்டிலும் அது பொருந்தாது.

எஞ்சுவது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு, அதாவது காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக இலத்திரன் தானே உமிழும் கதிர். ஆனால் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர் உமிழும் அளவுக்கு ஆற்றல் பெற்ற இலத்திரன், சில பத்தாண்டுகளிலேயே அதை இழந்துவிடும். கருந்துளையருகே புறப்பட்டு இலட்சம் ஒளியாண்டு கடந்து வர அதனால் இயலாது. நம் செம்மண் வாய்க்காலை நினைத்துப் பார்: கிணற்றில் இறைத்த நீர் பாதி வழியிலேயே வற்றிவிட, கடைசி வெங்காயப் பாத்தி மட்டும் நனைந்திருந்தால், அங்கேயே வேறொரு ஊற்று இருக்கவேண்டும் அல்லவா? அதுபோல, இலத்திரன்கள் தாரையின் நெடுகிலும் அந்தந்த இடத்திலேயே வேகமூட்டப்படுகின்றன.

வேகமூட்டுவது அதிர்ச்சி அலையா, அல்லது தாரையின் நடுவும் விளிம்பும் வெவ்வேறு வேகத்தில் உராய்வதா என்பது இன்னும் தீரவில்லை. தாரையில் பிரகாசமாகத் தெரியும் முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதியும் மங்கலாக ஒளிர்வதால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். நீ மறுப்பாய் என்று தெரியும்; மறுப்பைக் கணக்கோடு எழுது.

அன்புடன்,
அப்பா