வீடு வந்து சேர்ந்தேன், உங்கள் எல்லோராலும்

ஏற்காடு, நாகலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் நான் தனியாக வியன்னா போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஊர் சுற்றிய கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்த கதையை இன்னும் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை விமானம் ஏறியவள், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பெங்களூரில் இறங்கியிருக்க வேண்டும். திங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் இறங்கினேன். இடைப்பட்ட அந்த முப்பத்தொரு மணி நேரத்தில் எனக்குக் கைகொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி, சேலம் ஐந்து ரோட்டில் டிக்கெட் போட்டுக்கொடுத்த தம்பிக்கு. வியன்னாவிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குத் தனி டிக்கெட், அங்கிருந்து பெங்களூருக்குத் தனி டிக்கெட் என்று எடுத்தால் ஏழாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று என் தங்கை மகன் போனில் காட்டியிருந்தான். அதையே கேட்டேன். "வேண்டாங்கக்கா. ஒரே பிஎன்ஆர்ல இருந்தா, முதல் பிளைட் லேட்டானாலும் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவங்க பொறுப்பு. தனித்தனியா வாங்கினா ரெண்டாவது டிக்கெட் போனது போனதுதான்" என்றார் அந்தத் தம்பி. எனக்கு அப்போது மனசு முழுதாக ஒப்பவில்லை, ஏழாயிரம் என்பது எனக்குப் பெரிய தொகை. பிராங்க்பர்ட் கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பையன் அப்படித் தனித்தனியாக வாங்கிவிட்டு, மறுபடி முழு விலைக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லாமல் அழுததைப் பார்த்தபோதுதான் தம்பி செய்த உதவி எவ்வளவு பெரியது என்று புரிந்தது. மாத்திரைகளைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே என்று வற்புறுத்திய அஸ்தம்பட்டித் தங்கைக்கும் அதே நன்றி.

தோட்டத்தில் காப்பிப் பறிப்பு முடியாத நேரத்தில் ஏன் போனாய் என்று சிலர் கேட்டீர்கள். சனவரியில் டிக்கெட் விலை குறைவு, அது ஒன்று. இன்னொன்று, முப்பது வருடமாகக் காப்பிச் செடியோடு வாழ்கிறேன். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. நாம் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறோம். அது கோப்பையில் போய்ச் சேருகிற இடத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே ஆசை. வியன்னாவில் காப்பிக் கடைப் பழக்கத்தையே ஒரு மரபாக வைத்திருக்கிறார்கள். 2011-ல் ஆஸ்திரியா அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1876-ல் திறந்த கபே சென்ட்ரலில் மெலாஞ்ச் என்ற நுரை பொங்கும் பால் காப்பி ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சின்னத் தட்டில் கோப்பை, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. என் தோட்டத்துத் தூள் ஒரு பொட்டலத்தை அங்கே பரிமாறியவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அவருக்கும் இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் பொறியாளர் ஜன்னல் வழியே காட்டி எனக்கு விளக்கினார். இறக்கையில் மெல்லிசாகப் பனி படிந்தாலும் விமானம் மேலே எழும்பும் விசை குறைந்துவிடுமாம். அதனால் கிளைக்கால் என்ற, உறைபனியைக் கரைக்கும் வேதிப்பொருள் கலந்த சூடான கரைசலை ஒரு வண்டியிலிருந்து பீய்ச்சி அடிக்கிறார்கள். அடித்த மருந்து கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்குள் கிளம்பாவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் வரிசை நீளம், இரண்டு முறை அடித்தார்கள். மேலே ஏறும்போது மணி பதினொன்று பத்து.

எனக்கு அடுத்த விமானம் ஒன்று பத்துக்கு என்று தெரிந்ததும் அந்தப் பெண் எழுந்து போய்ப் பணிப்பெண்ணிடம் பேசினார். இருபத்தேழாம் வரிசையில் இருந்த என்னை முன்னால் காலியாக இருந்த இடத்துக்கு மாற்றினார்கள், முதலில் இறங்கட்டும் என்று. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இறங்கி ஓடினேன். ஏ பகுதியிலிருந்து பி பகுதிக்குத் தரைக்கு அடியில் நீளமான சுரங்கப்பாதை. பாஸ்போர்ட் சோதனை வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தம்பதி, நான் கேட்பதற்கு முன்பே, என் மூச்சிரைப்பைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்கள். அவ்வளவு பேர் வழிவிட்டும் நான் போய்ச் சேரும்போது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெங்களூர் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தேழு வயதில், மொழி தெரியாத ஊரில் தனியாக. அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

கவுன்டரில் இரண்டு மணி நேரம் வரிசை. என் முறை வந்தபோது அந்த அம்மையார் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை. மறுநாள் பெங்களூர் விமானம் நிரம்பிவிட்டது, டெல்லி வழியாக அனுப்புகிறேன் என்றார். அப்புறம், நான் கேட்காமலே ஒரு தாளை எடுத்து வைத்து நிதானமாகச் சொன்னார். 261/2004 என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்று இருக்கிறதாம். பனியால் ஏற்பட்ட தாமதத்துக்கு இழப்பீட்டுப் பணம் கிடையாது, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க இடம், வீட்டுக்குச் சொல்ல போன், இவை கொடுத்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இது பொருந்தும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

ஓட்டலுக்குப் போவதில்தான் சிக்கல். என் விசா ஒரே ஒருமுறை நுழைவதற்கானது, நானோ பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டியதால் கணக்குப்படி நாட்டை விட்டு வெளியேறியவளாகிவிட்டேன். திரும்ப உள்ளே விடக் காவலர்களிடம் கேட்டுப் பார்க்கலாம், நேரமாகும் என்றார். எனக்கு அதற்குத் தெம்பில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றேன். சாப்பாட்டுச் சீட்டும், ஒரு கம்பளியும், தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். கம்பளியைக் கொடுக்கும்போது கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து என் கையில் கொடுத்தார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இரவு பதினொரு மணி இருக்கும். கடைகள் அடைத்துவிட்டார்கள். விமான நிலைய வைஃபையில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் அப்போது விடிகாலை மூன்றரை. அவளும் தூங்கவில்லை. பேசி முடித்து நிமிர்ந்தால், தரை துடைக்கும் வண்டியைப் பிடித்தபடி ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் அழுதுவிட்டேன். "அழாதேங்கோ அக்கா, பயப்பிடாதேங்கோ. சாப்பிட்டனீங்களோ?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

யாழ்ப்பாணத்துப் பெண். இரவு வேலை. அவருக்கு இருந்ததே அரை மணி நேர இடைவேளை. அதை முழுதும் என்னோடு கழித்தார். சீட்டுக்குக் கிடைத்த ரொட்டியை நான் பாதியிலேயே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் டப்பாவைச் சூடாக்கி எடுத்துவந்தார். புட்டும் சம்பலும். அது அவருடைய இரவுச் சாப்பாடு, வேறு எதுவும் அவர் கொண்டுவந்திருக்கவில்லை என்று பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மீதியைச் சாப்பிடச் சொன்னேன். "நான் விடிய வீட்டை போயிடுவன், நீங்கள் இன்னும் ஒரு பகல், ஒரு இரவு போக வேணும்" என்று டப்பாவை என் பக்கமே தள்ளினார்.

சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு இதே நாட்டுக்கு வந்து இறங்கியதைச் சொன்னார். அப்போது இரண்டு நாள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன சொல்கிறார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று எதுவும் தெரியாமல். யாரோ ஒரு கிழவி தன் பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கொடுத்தாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சை மாற்றி, ஹம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலைப் பற்றிச் சொன்னார். 2002-ல் குடமுழுக்கு நடந்த, நம் ஊர் மாதிரியே கோபுரம் வைத்த கோயில். வருஷா வருஷம் தேருக்குக் குடும்பத்தோடு போவாராம். "நீங்களும் ஒருக்கா வாங்கோ" என்றார். நான் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவைச் சொன்னேன். சேலம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, மாம்பழத்தால்.

வெளிச்சமும் அறிவிப்பும் குறைவான ஒரு மூலையைக் காட்டி, மூன்று இருக்கை சேர்ந்தாற்போல் இருக்கும் இடத்தில் என்னைப் படுக்க வைத்தார். என் கால் சில்லிட்டிருந்ததைப் பார்த்துத் தன் லாக்கரிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்துவந்து, நான் தடுக்கத் தடுக்க, அவரே குனிந்து மாட்டிவிட்டார். அதன் பிறகு இரவெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் தூங்குவதாக நினைத்திருப்பார். பணம் கொடுக்கப் பார்த்தேன், முகம் வாடிவிட்டது. சரி என்று கைப்பையில் இருந்த இன்னொரு காப்பித்தூள் பொட்டலத்தை நீட்டினேன், என் மண்ணில் விளைந்தது என்றேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டெல்லியில் என் பெட்டி வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதால் அங்கேயே தெரிந்துவிட்டது. இந்தி தெரியாமல் நின்ற எனக்கு, கூடவே வந்த ஒரு கல்லூரி மாணவி பெட்டி வராததற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அந்தத் தாளில் இருக்கும் எண் இல்லாமல் விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள் என்றாள். நாலாம் நாள் பெட்டி வந்தது. சேலத்திலேயே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். கூரியர் தம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நாகலூர் வரை வந்து, வாசலில் வைத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

சேலத்து டாக்சித் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நான் விமானத்தைத் தவறவிட்ட செய்தி என் தங்கை மூலம் அவருக்குப் போனபோது அவர் கிருஷ்ணகிரி தாண்டியிருந்தார். அப்படியே திரும்பிவிட்டார். டீசல், டோல், எதற்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. திங்கள்கிழமை மறுபடி இரவோடு இரவாகக் கிளம்பி, தேவனஹள்ளியில், பெங்களூர் விமான நிலைய வாசலில் ஒன்பது மணிக்கு நின்றார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "படுத்துக்குங்க அத்தை" என்று பின் இருக்கையில் தலையணை போட்டுக் கொடுத்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தொப்பூர் கணவாய் இறங்கியதும் எழுப்பினார். ஓமலூர்ப் பக்கம் சாலையிலிருந்து சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது.

தோட்டத்தைப் பற்றித்தான் வழியெல்லாம் கவலை. கடைசிப் பறிப்பு. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்காவிட்டால் புளித்துப் போகும். களத்தில் காயும் பார்ச்மென்ட்டை, அதாவது தோல் நீக்கிய, மேல் ஓடு போகாத கொட்டையை, சாயங்காலமே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் பனியில் நனைந்து, காய்ந்ததெல்லாம் வீண். ஞாயிற்றுக்கிழமை நான் வந்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். வரவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. வீட்டுப் படியேறும்போது பார்க்கிறேன், களம் பெருக்கியிருக்கிறது, பார்ச்மென்ட் ஒரே சீராகப் பரப்பியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் சொந்தக் களத்தை மூடிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு வந்து என்னுடையதையும் மூடியிருக்கிறார், இரண்டு நாளும். பறிக்க வரும் பெண்கள் ஐந்து பேர், அன்று கூலி கொடுக்க நான் இல்லை என்று தெரிந்தும் பறித்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அண்ணா, உங்களுக்கு நன்றி சொன்னால் திட்டுவீர்கள் என்று தெரியும். இந்த ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அந்த யாழ்ப்பாணத்துத் தங்கையின் பெயரையோ எண்ணையோ நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் விழித்தபோது அவருடைய வேலை நேரம் முடிந்து போய்விட்டிருந்தார். காலுறையைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வருடக் காப்பி வறுத்து அரைத்ததும் இரண்டு கிலோ தனியாகக் கட்டப் போகிறேன். உங்களில் யாராவது பிராங்க்பர்ட் வழியாகப் போவதாக இருந்தால், பி பகுதியில் இரவு நேரத்தில் தரை துடைக்கும் தமிழ்ப் பெண் ஒருவரைத் தேடிப் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பொட்டலத்தை சேலத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.