சுத்தியலை எடுக்குமுன் ஒரு ஞாயிறு: காயலாங்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் காயலாங்கடை நடத்தும் பாய்களுக்கும் அண்ணாச்சிகளுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையும் டெஸ்டருமாக வந்து, அரை மணி நேரம் குவியலைக் கிளறிவிட்டு, கடைசியில் பத்து ரூபாய்க்கு நாலு போல்ட் வாங்கிக்கொண்டு போகும் டீச்சர் நான்தான். "டீச்சர் வந்துட்டாங்க, இன்னைக்கு வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான்" என்று ஒரு கடைப் பையன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை.

பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வீட்டில் பழைய மிக்சி, தையல் மிஷின், டேபிள் ஃபேன், ரேடியோ என்று கைக்குக் கிடைப்பதைப் பிரித்து ஓட வைப்பது பொழுதுபோக்கு. காசுக்குச் செய்வதில்லை. ஓட ஆரம்பித்ததும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காவிட்டால் பால்கனியில் அடுக்குவேன். "இது வீடா, காயலாங்கடையோட பிராஞ்சா?" என்று வீட்டுக்காரர் கேட்பது வாரம் ஒரு முறை.

இந்தக் கிறுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. பின்னி மில்லில் ஃபிட்டர் அவர். லீவு நாளில் என்னைக் கையைப் பிடித்து மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். எனக்குப் பழைய கதைப் புத்தகம், அவருக்கு ரேடியோ வால்வு. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவருக்கு உங்கள் கடைகள்தான் மூர் மார்க்கெட். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் உங்களில் ஒருவர் கடையில் ஒரு கறுப்புத் தையல் மிஷினைப் பார்த்தேன். தங்க நிறக் கொடி வேலைப்பாடு பாதி தேய்ந்திருந்தது. அடித்தட்டில் இருந்த வரிசை எண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஆங்கில ஒய் எழுத்தில் ஆரம்பிக்கிறது. சிங்கர் மிஷினில் அந்த எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் 1920, 30-களில் செய்தது. அந்த ஆலையையே 1980-இல் மூடிவிட்டார்கள். சக்கரம் அசையவில்லை. கையில் காசு குறைவு, சாயங்காலம் இருட்டிவிட்டது, காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் போனபோது தலை மூன்று துண்டாக ஒரு கோணிப்பையில் இருந்தது. சக்கரம் தனியே, தண்டு தனியே. "பீடு தனியா போட்டாத்தான் ரேட்டு டீச்சர்" என்றார் கடைக்காரர். பீடு என்றால் வார்ப்பிரும்பு.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அன்றைக்கு இருந்தது. மறு வாரமும் அதே கடைக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மிஷினுக்கு என்ன நோய் தெரியுமா? தேங்காய் எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் தீர்ந்த அன்றைக்கு அடுப்படியிலிருந்து ஒரு சொட்டு விட்டிருப்பார்கள். நம் வீடுகளில் இது சகஜம். அது நாளடைவில் பிசினாகி, தண்டு சுழலும் ஒவ்வொரு புஷ்ஷையும் கடித்துக்கொள்ளும். எண்ணெய் விடும் துளை எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவைக்க வேண்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் முதலில் ஒரு நூல் அளவு அசையும். அப்புறம் கால் சுற்று. மூன்றாம் நாள் முழுச் சுற்று வரும்போது உள்ளேயிருந்து காப்பி நிறத்தில் அழுக்கு இறங்கும். அதைத் துடைத்துவிட்டுச் சரியான எண்ணெய் விட்டால் முடிந்தது. உடைந்த வார்ப்பிரும்புக்கு இந்த வைத்தியம் கிடையாது. அதை வெல்டிங் வைத்தாலும் பக்கத்திலேயே விரிசல் விடும் என்பது எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. பத்துக்குப் பத்து இடம். காலையில் வண்டிக்காரர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும், சாயங்காலம் லாரி ஏற்றினால்தான் காசு திரும்பும். முழு மிஷின் இடத்தை அடைக்கும், உடைத்தது கோணிக்குள் போகும். நடுவே என்னைப் போல ஒருத்தி வந்து "இதைத் தனியா வையுங்க" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் தலைகாட்டாமல் இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நாங்களும் யோக்கியர்கள் இல்லை. எடை விலைக்கே கேட்போம், அதிலும் பேரம் பேசுவோம்.

ஆனாலும் உங்கள் தராசில் ஏறுவதில் எவ்வளவு நல்ல பொருள் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். 2011-இல் ஆரம்பித்த திட்டத்தில் ரேஷன் கார்டுக்கு வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் இப்போதுதான் வரிசையாக உங்களிடம் வருகின்றன. அரசு முத்திரையோடு வருவதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். "காயில் போச்சு" என்று சொல்லித்தான் போடுவார்கள். நான் திறந்து பார்த்த மிக்சிகளில் பாதிக்கு மேல் காயில் நன்றாக இருந்தது. ஒன்றில் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளியிருந்தது, அவ்வளவுதான். மாவு கெட்டியாக இருந்தால் மோட்டார் சூடாகி அது துண்டித்துக்கொள்ளும், ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். அந்தம்மா ஒரு விரலால் அழுத்தியிருந்தால் உங்கள் கடைக்கே வந்திருக்காது. இன்னொன்றில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, ஐம்பது ரூபாய்க்குள் வேலை. மற்றதெல்லாம் ஜாரைச் சுற்றவைக்கும் கப்ளரில் பல் போனவை. மோட்டார் மேல் இருக்கும் கப்ளரை மாற்றத் தெரியாமல் பலர் தண்டையே கெடுத்துவிடுகிறார்கள். பாரம் ஏற ஏற இறுகும்படி அதன் மரை இருக்கும். அதனால் மிக்சி எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால்தான் கழலும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு காயலாங்கடைத் தாத்தாதான்.

கிரைண்டரில் எனக்கு வயிறு எரிவது கல்லைப் பார்த்து. கல்லுக்கு எடையில்லை உங்கள் ஊரில். மோட்டாரையும் டிரம்மையும் எடுத்துக்கொண்டு கல்லைச் சுவரோரம் தள்ளிவிடுகிறீர்கள். ஒரு கடைக்குப் பின்னால் கோவைக் கல் ஏழெட்டு வரிசையாகக் கிடக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு தெருமுனைகளில் வாஷிங் மிஷின், டேபிள் ஃபேன், மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின் எல்லாம் மலையாகக் கிடந்தன. உங்கள் கடைகளில் வாசல் வரை சாமான். நனைந்த மோட்டார் செத்த மோட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஈரத்தோடு ஸ்விட்சைப் போட்டவர்களுக்கு அது உண்மையாகவும் ஆனது. போடாமல் விட்டவற்றில் ஆறு மோட்டார் எடுத்து வந்தேன். கழற்றி, சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவி, மொட்டை மாடியில் பத்து நாள் காயவைத்து, மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வைண்டிங்குக்கும் இரும்புக்கும் நடுவே 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் துணிந்து கரன்ட் கொடுக்கலாம். நாலு தேறியது. பேரிங் மட்டும் புதிது. ஒன்று இன்றும் பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைக்கிறது. தேறாத இரண்டையும் உங்களிடமே எடைக்குப் போட்டேன், அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. அலுமினியக் காயில் போட்ட மலிவு ஃபேன், வாயை மூடி ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் அயர்ன் பாக்ஸ், ஸ்க்ரூவே இல்லாத சார்ஜர் இதையெல்லாம் தாராளமாக உடையுங்கள். பிரிக்கவே முடியாதபடி செய்தவர்களிடம்தான் அதற்குச் சண்டை போட வேண்டும், உங்களிடம் இல்லை. இரண்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். பழைய டிவியின் பிக்சர் டியூப்பைச் செம்புக்காகக் கல்லால் அடித்து உடைப்பது ஒன்று: அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, டியூப் உள்வாங்கி வெடித்தால் பையன்களின் கண் போகும். ஒயரை எரிப்பது இன்னொன்று. அந்தப் புகையில் டையாக்சின் இருக்கிறது, அதைச் சுவாசிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்புப் பிள்ளைகளும்தான். தோலை உரித்துப் போட்டால் செம்புக்கு ரேட்டும் கூடுதல். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள்தான் இவற்றைப் பிரித்தெடுக்கலாம். முதலில் வந்து நிற்பது உங்கள் தராசில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சாமான் போட வருபவரிடம் தராசில் ஏற்றும்போதே "ஓடுமா, என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டு, சொன்னதைச் சாக்பீஸில் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். வேண்டுமானால் பள்ளியில் மீந்த துண்டுச் சாக்பீஸ் நான் கொண்டுவந்து தருகிறேன். முழுசாக வரும் தையல் மிஷின், கிரைண்டர், ரேடியோ, செம்புக் காயில் ஃபேன் இவற்றை அடுத்த ஞாயிறு மத்தியானம் வரை ஒரு பலகையில் வைத்திருங்கள். மிக்சி வந்தால் ஜாரைப் பிரிக்காதீர்கள், தையல் மிஷின் வந்தால் பாபின் கேஸைத் தனியே வீசாதீர்கள். அது இல்லாமல் நாங்கள் மாசக்கணக்கில் அலைகிறோம். மத்தியானத்துக்குள் நாங்கள் எடுக்காததை அன்றைக்கே உடைத்துவிடுங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

எடுப்பதற்கு எடை விலையைப் போல ஒன்றரை மடங்கு தருகிறோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆறேழு பேர் இருக்கிறோம். லோகோ ரயில் பட்டறையில் ரிட்டயர் ஆனவர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், தையல்கார அக்கா ஒருத்தி. எல்லோரிடமும் பேசிவிட்டேன். பேரம் பேசமாட்டோம் என்று அந்த அக்கா மட்டும் இன்னும் சத்தியம் செய்யவில்லை.

அப்புறம் ஒன்று. ஃபிரிட்ஜ் கதவுக்கு அடியில் ஒரு பழைய உஷா மிஷின் படுத்திருப்பதைப் போன வாரம் பார்த்தேன். யார் கடை என்று இங்கே எழுதவில்லை, அவருக்குத் தெரியும். பெல்ட் இல்லை, ஊசிக் கம்பி வளைந்திருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாதீர்கள் அண்ணாச்சி. ஞாயிறு ஒன்பது மணிக்கு வருகிறேன். இந்த முறை காசோடு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை டீச்சர்