22-க்கும் 24-க்கும் நடுவில்

தம்பி,

நீ வெல்டிங் தேர்வில் ஃபெயிலாகி எழுந்து போய் நாளையோடு ஒரு வருஷம். அதற்காக எழுத உட்காரவில்லை. தேர்வுக்கு நீ வெல்ட் பண்ணின பைப் துண்டை, ஷெல்ஃபில் கிடந்த உன் கூப்பனைப் போன வாரம் எடுத்து அறுத்துப் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பைப் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்தால் 5 மணி வரும் இடத்தில் குறுக்கே அறுத்து, எமரி பேப்பரில் 400 வரைக்கும் தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். லேயர் லேயராகத் தெரிந்தது. ரூட், அதாவது அடியில் போடும் முதல் லேயர், அவ்வளவு சுத்தம். உள்பக்கம் ஒன்றரை எம்எம் எழும்பி, இரண்டு ஓரமும் கரைந்து சேர்ந்திருக்கிறது. ராத்திரி தூக்கம் கெட்டு நீ பயந்தது அந்த ரூட்டுக்குத்தானே? கோளாறு மூன்றாவது லேயரில். மேல்பக்க பெவலை, அந்தச் சாய்வாக வெட்டின பைப் ஓரத்தை, ஒட்டி முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. எக்ஸ்ரே மாதிரி எடுத்த ஃபிலிமில் 22, 24 என்ற குறிகளுக்கு நடுவில் 18 எம்எம் நீளத்துக்கு நேராக விழுந்ததே, அதேதான்.

அந்த ஃபிலிமை வியூவரில் செருகி, எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “லேக் ஆஃப் ஃபியூஷன்னா இதுதான், உலோகம் சுவரோட ஒட்டல, நல்லாப் பாத்துக்கங்க” என்றேன். நீ க்ளவுஸைக் கழற்றினாய். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, விரல் விரலாக நீவி நேராக்கினாய். மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாய். எனக்கு அந்த நீவல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் செய்தது தப்பு. ஆனால் ஃபிலிமைக் காட்டாமல் இந்த வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எல்லார் ஃபிலிமையும்தான் காட்டியிருக்கிறேன். காட்டியதில் தப்பில்லை, காரணத்தைச் சொல்லாமல் காட்டியதுதான் தப்பு. இப்போது சொல்கிறேன்.

நீ எழுதின 6ஜி பொசிஷனில் பைப் 45 டிகிரி சாய்ந்து நிற்கும், உருகினது கீழ்ப்பக்கம் சரியும். ராடை மேல் பெவலுக்குச் சாய்த்துக் காட்டி, அங்கே ஒரு கணம் நின்று வராவிட்டால் அந்தச் சுவர் கரையாது. உலோகம் அதன் மேல் சும்மா சாய்ந்து படுத்துக்கொள்ளும், கேப்பிங் என்கிற மேல் லேயர் வந்ததும் மறைந்துவிடும். தலைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த உடம்பு நிமிர்ந்து திரும்புவது 5 மணி இடத்தில். உனக்கு ராடும் அங்கேயே தீர்ந்தது. நிறுத்தின இடத்தை கிரைண்டரில் சரிவாக்காமல், பள்ளத்துக்கு 10 எம்எம் முன்னால் ஆர்க் எழுப்பிப் பின்னால் வராமல், நேராக ஆரம்பித்திருக்கிறாய். 3.15 எம்எம் ராடுக்கு 95 ஆம்பியர் வேறு. ஓட்டை விழுமோ என்கிற பயத்தை ரூட்டோடு விட்டிருக்க வேண்டும். மூன்றாவது லேயர் 115 தாங்கும்.

ராடு ஈரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தால், அது இல்லை. நீ அடித்த 7018 ராடு ஈரமாக இருந்தால் வட்டப் புள்ளிகள் விழும். டிக் வெல்டிங்கின் டங்ஸ்டன் முனை ஒடிந்து விழுந்தால் வெள்ளைப் புள்ளி. உன் ஃபிலிமில் இரண்டும் கிடையாது.

கரன்ட் திரும்பிப் போக பைப்பில் மாட்டுகிற எர்த் கிளாம்ப் விஷயம் ஒன்று இருக்கிறது. இதை யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நேரில் பேசலாம்.

ஆனால் உன் மேலும் தப்பு இருக்குடா. வட்டப் புள்ளி என்றால், வெல்டர் தேர்வு விதிகள் இருக்கிற ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், 11 எம்எம் சுவருக்கு 2.2 எம்எம் வரைக்கும். ஒட்டாத சுவருக்கு அரை எம்எம்கூடக் கிடையாது. ஃபெயில் என்றால் ஃபெயில். அதே செக்‌ஷன்தான் உடனே மறுதேர்வுக்கும் வழி வைத்திருக்கிறது: அதே பொசிஷனில் இரண்டு பைப், இரண்டும் தேறணும். அன்றைக்கே மாட்டியிருக்கலாம். நீ கையே போய்விட்ட மாதிரி எழுந்து போனாய். சைட்டில் இதே கோடு விழுந்தால் ஜாயிண்டையா தூக்கி எறிகிறோம்? 22-லிருந்து 24 வரை மார்க் பண்ணி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டித் தோண்டி, டை பெனட்ரன்ட் என்கிற சாயத்தை அடித்துக் கோடு போய்விட்டதா என்று பார்த்து, திரும்ப அடித்து, திரும்ப ஷூட் எடுக்கிறோம். நீயே எத்தனை ரிப்பேர் அடித்திருக்கிறாய்! அடுத்தவன் ஜாயிண்டுக்கு அது வேலை, உன்னுடையதற்கு மட்டும் அவமானமா?

மூன்று வருஷம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு போன் கிடையாது. “அண்ணன் கேட்டா இல்லேன்னு சொல்லும்மா” என்று உள்ளே இருந்து நீ சொன்னது எனக்குக் கேட்டது.

சரி, விடு. ஆறு மாதம் ஹோல்டரைத் தொடாமல், வெல்டிங்கே பண்ணாமல் இருந்திருந்தால், பிளேட்டை நிமிர்த்தி அடிக்கிற உன் 3ஜி தகுதியும் காலாவதியாகியிருக்கும். அதற்கு ஒரே ஒரு கூப்பன் தேறினால் போதும், புதுப்பித்துவிடலாம். அதை முதலில் முடிப்போம்.

6 இன்ச் ஷெட்யூல் 80 பைப்பில், அதே 11 எம்எம் சுவர், இரண்டு ஜாயிண்டுக்கு பெவல் போட்டு வைத்திருக்கிறேன், முப்பத்தேழரை டிகிரி. இரண்டையும் சேர்த்து நிறுத்துகிற டேக் போடவில்லை. நடுவில் விடுகிற ரூட் கேப் நீயே வைத்துக்கொள். உனக்கு 3 எம்எம்தானே பிடிக்கும், இந்தத் தடவை 2.5 வை என்று நான் நச்சரிக்க மாட்டேன். க்ளவுஸ் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது.