ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானுக்குத் தலையில் அடி இல்லை என்ற வரியைத் தேடிப் படித்த பிறகுதான் மற்றதையெல்லாம் படித்தேன். சைக்கிளில் போனவரைப் பின்னாலிருந்து மினி லாரி இடித்தும் காறை எலும்பு முறிவோடு தப்பியது பெரிய விஷயம். பிளேட் வைத்த தோள் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் கை தூக்க முடியவில்லையே" என்று தங்கச்சி பதற வேண்டாம் என்று சொல்.

லாரி ஓனர் 20,000 ரூபாய் தருகிறார், கேஸ் வேண்டாம் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்த்தபோது போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், அதுதான் ஏ.ஆர். காப்பி. அதில் 'எப்படி நடந்தது' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?

சைக்கிள்காரர்களின் வழக்கு அதிகமாகச் சாவது அந்த ஒரு வரியில்தான். அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். தூக்கி வந்தவர் "சைக்கிள்லருந்து விழுந்துட்டாருங்க" என்பார். டியூட்டி டாக்டரும் 'சைக்கிளில் இருந்து தவறி விழுந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வண்டிக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமே இல்லை, வண்டியைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்பார். பைக்கோ காரோ அடிபட்டால் இந்தச் சந்தேகம் இவ்வளவு சுலபமாக எழாது. சைக்கிள் தானாகவே விழக்கூடியது என்பதுதான் நம் ஆட்களுக்கு எதிரான வாதம்.

அப்படி எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லாதே. திருத்தினால் இன்னும் சந்தேகம். மச்சானுக்கு நினைவு தெளிந்ததும் விசாரணை அதிகாரியிடம் அவரே வாக்குமூலம் கொடுக்கட்டும்: எந்த வண்டி, எந்தப் பக்கத்திலிருந்து, பதிவு எண் எப்படித் தெரிந்தது, சேர்த்தவர் யார், அவர் நடந்ததைப் பார்த்தாரா. தகவல் சொன்னவர் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்பது பதிவானாலே அந்த வரியின் பலம் பாதி போய்விடும். எப்.ஐ.ஆர். போட நான்கைந்து நாள் தாமதமானாலும் பயப்பட வேண்டாம். சிகிச்சைக்கு ஓடியதால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி வழக்கைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

அடுத்தது சைக்கிள். அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யாதே, துடைக்கக்கூடச் செய்யாதே. மோட்டார் வாகன ஆய்வாளர் லாரியைப் பார்த்து அறிக்கை எழுதுவார். சைக்கிளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஸ்டேஷன் சுவரோரம் துருப்பிடிக்கும். ஆனால் நடந்ததைச் சொல்வது அதுதான். பின் சக்கரம் கோணி, பின் ரிஃப்ளெக்டர் உடைந்து, மட்கார்டு உள்பக்கம் மடங்கியிருந்தால் அடி பின்னாலிருந்து வந்தது. முன் ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தால், சைக்கிள்தான் போய் எதிலோ மோதியது என்று வாதிட இடம் இருக்கிறது. லாரியின் பெயின்ட் ஒட்டியிருந்தால் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. தரையிலிருந்து அந்தக் கீறலின் உயரத்தை அளந்து, லாரி பம்பரின் உயரத்தையும் அளந்து வை. நல்ல வக்கீலுக்கு இந்த இரண்டு எண்கள் போதும். சைக்கிளின் சேதத்தையும் அதே மனுவில் கேட்கலாம், வாங்கிய பில்லும் மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ மதிப்பீடும் வேண்டும். கார்பன் ஃபிரேம் என்றால், வெளியே தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்தவரிடமே எழுதி வாங்கு.

மச்சான் கைப்பேசியிலோ கைக்கடிகாரத்திலோ ஜி.பி.எஸ். பதிவு ஓடியிருந்தால் மூலக் கோப்பை அப்படியே இறக்கி வை. வேகம், நேரம், நின்ற இடம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கப் புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் இணைக்க வேண்டும். சாலையோரக் கடைகளின் கேமராப் பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதற்கு ஆள் அனுப்பு.

காவல் துறையின் வேலைக்கும் இப்போது கணக்கு உண்டு. 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளில் முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கை 50 நாளுக்குள், விரிவான அறிக்கை 90 நாளுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. அதே தேதியிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் போடும் இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடுவும் வந்துவிட்டது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நீ ஆறு மாதத்துக்குள் போட்டுவிட்டால் அந்தச் சண்டை உனக்குத் தேவையே இல்லை. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. மச்சான் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வட்டியை மனு போட்ட நாளுக்கு முன்னால் போய்க் கணக்கிட மாட்டார்கள், தள்ளிப்போட்டால் நமக்குத்தான் நட்டம்.

இப்போது அந்த 20,000 ரூபாய்க்கு வருகிறேன். எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம். சட்டமே அப்படித்தான் வரையறுக்கிறது, பல் உடைந்தாலும் அதே. கொடுங்காயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், யார்மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே 2.5 லட்சம் உண்டு. மரணம் என்றால் 5 லட்சம். ஓனர் சொல்லும் தொகை இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவரும் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்சூரன்ஸ் இருந்தால் பணம் கம்பெனி பையிலிருந்துதான் போகும் என்பது பல ஓனர்களுக்கே தெரியாது. மருத்துவச் செலவுக்கு என்று கொடுத்தால் வாங்கலாம், ஆனால் 'மருத்துவச் செலவுக்கு மட்டும்' என்று எழுதியே ரசீது கொடுக்க வேண்டும். முத்திரைத்தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்து வேண்டாம்.

164-இல் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பெனி அதன்படி கொடுக்கும் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். ஆகவே தோள் எவ்வளவு தேறுகிறது என்று தெரியும் முன் அதற்குத் தலையாட்டக் கூடாது. முழுவதும் குணமாகும் முறிவு, சாட்சி இல்லை, ஏ.ஆர். காப்பியும் கெட்டுப்போயிருக்கிறது என்றால் 2.5 லட்சத்தை வாங்கிக்கொண்டு போவதுதான் புத்தி. மச்சான் விஷயத்தில் நான் காத்திருப்பேன். ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

அவருக்கு வயது 36, சொந்தமாக எலக்ட்ரீஷியன் வேலை. மாதம் 15,000 ரூபாய் நிரூபிக்க முடிகிறது என்று வைத்துக்கொள். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்றால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும் (2017, பிரணய் சேத்தி வழக்கு). மாதம் 21,000, வருடம் 2,52,000. வயது 36 முதல் 40 வரை பெருக்கு எண் 15 (2009, சரளா வர்மா வழக்கு). ஆக 37,80,000. இதில் அவர் இழந்த சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதமோ, அதுதான் வருமான இழப்பு. 20 சதவீதம் என்றால் 7,56,000. பாதியாகக் குறைத்து 10 வைத்தாலும் 3,78,000. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், துணைக்கு இருந்தவர், போக்குவரத்து, வலி வேதனை, பிளேட் எடுக்கும் அடுத்த அறுவை எல்லாம் இதற்கு மேல்.

அந்த சதவீதத்தில்தான் பலர் ஏமாறுவது. மருத்துவக் குழு 'வலது தோளில் 20 சதவீத ஊனம்' என்று கொடுத்தால் அது அந்த உறுப்புக்கான அளவு. முழு உடலுக்கு அதைவிடக் குறையும். ஆனால் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது மூன்றாவது ஒன்றை: இந்தத் தொழில் செய்யும் இந்த ஆளின் சம்பாத்தியத்தில் அது எவ்வளவு பாதிக்கிறது? ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. கை போன தச்சருக்குத் தொழிலே போய்விடுகிறது, குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. தோளுக்கு மேல் கை தூக்க முடியாத எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்று சீலிங் வேலை பார்க்க முடியாது. எத்தனை டிகிரி வரை கை உயர்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் மாதாமாதம் எழுதிய சீட்டு இருந்தால் இந்த வாதத்துக்குக் கால் முளைக்கும். அவர் வருமானத்துக்கு யு.பி.ஐ. வரவு, வங்கிக் கணக்கு, தொழில் உரிமம், வாடிக்கையாளர் பில் எல்லாவற்றையும் சேர்த்து வை. இவை இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானே ஒரு உத்தேசத் தொகையை வைக்கும், அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவதையும் கேட்டுக்கொள். 'ஹெல்மெட் போடவில்லை.' சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை, சட்டப்படி அதற்கு ஹெல்மெட் கட்டாயமும் இல்லை. காயமோ காறை எலும்பில். 'இருட்டில் விளக்கில்லாமல் வந்தார்' என்பது அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. பங்குத் தவறு, அதாவது அடிபட்டவர்மீதும் தவறு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், ஆனால் நிரூபித்தால் தொகையில் கால்வாசியோ பாதியோ கழியலாம். அதற்காகத்தான் அந்த உடைந்த ரிஃப்ளெக்டரைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். உங்கள் சைக்கிள் குழுவில் மின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்: மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் வரைதான் அது சைக்கிள். கடைக்காரர் வேகத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால் உரிமம், பதிவு, இன்சூரன்ஸ் என்று எல்லாக் கேள்வியும் வரும்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்கவே இல்லை என்றால் வழி வேறு. கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் மனு, உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர். தொகை சிறியதுதான், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விடுபவர்கள் ஏராளம். பிற்பாடு வண்டி கிடைத்து இழப்பீடு வந்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். மோட்டார் வாகனமே இல்லாமல் பள்ளத்தில் விழுந்தால் இந்தத் தீர்ப்பாயம் உதவாது. உள்ளாட்சி அமைப்பின்மீது சிவில் வழக்கோ உயர் நீதிமன்ற ரிட்டோதான், அது நீண்ட பாதை.

சிகிச்சைச் செலவில் 2025 மே முதல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் உண்டு. கட்டியதாக நீ எழுதிய முன்பணம் இவற்றில் வந்திருக்க வேண்டியதா என்று பில்லிங்கில் கேள்.

வக்கீல் விஷயம். 'ஒரு பைசா வேண்டாம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு' என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆள் பிடிப்பவர்கள் வருவார்கள், வந்திருப்பார்கள். வரும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. நிறைவுறாத வக்காலத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்து போடாதீர்கள். இழப்பீட்டை அடிபட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தச் சொல்லி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. மனுவிலேயே கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடலாம். வக்கீல் வைக்க முடியாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, கட்டணமில்லாத எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானமே பார்க்க மாட்டார்கள்.

நடுவில் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள். வேகமாக முடியும், நல்லதுதான். ஆனால் அங்கே கையெழுத்து போட்டால் மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு போங்கள், 3,78,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

லாரியின் எண்ணை மத்திய அரசின் வாகனத் தகவல் தளமான பரிவாகனில் போட்டுப் பார், விபத்து நாளில் இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்று தெரியும். இல்லையென்றால் உடனே எனக்குச் சொல். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைத் தகுந்த பிணையம் இல்லாமல் விடுவிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வண்டி ஸ்டேஷனை விட்டுப் போவதற்குள் நீதிமன்றத்தில் அதை எழுப்ப வேண்டும். ஏ.ஆர். காப்பியைப் படம் எடுத்து இன்றே அனுப்பு. பின்பக்கத்தையும் சேர்த்து, கொண்டுவந்தவர் பெயர் சில சமயம் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
முத்து