எட்டா, ஒன்பதா?

வர்ஜீனியா, 28.10.2020

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து மூன்று வாரமாகிறது, இப்போதுதான் உட்கார முடிந்தது. இங்கே எல்லோரும் நலம். மார்ச்சிலிருந்து வீட்டிலிருந்தபடியே வேலை, சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது, சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்ததற்கு அமெரிக்க நாடே ஏன் இப்படி இரண்டுபட்டு நிற்கிறது என்று கேட்டிருந்தாய். நம்மூரில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு 65 வயதானால் ஓய்வு, எந்தத் தேதியில் யார் போவார் என்று நீங்கள் வக்கீல்கள் விரல்விட்டுச் சொல்வீர்கள். இங்கே சாகும்வரை பதவி, இல்லையென்றால் அவராக விலக வேண்டும். இருப்பதே ஒன்பது நாற்காலி, 1869-லிருந்து அந்தக் கணக்கு மாறவில்லை. ஜனாதிபதி ஒருவர் பெயரைச் சொல்ல, நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கின்ஸ்பர்க்கின் இடத்துக்கு நேற்று முன்தினம் இரவு ஒப்புதல் பெற்ற ஏமி பாரெட்டுக்கு வயது 48. நம் பிள்ளைகளுக்குத் தலை நரைக்கும்வரைகூட அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்.

எனக்கு இது 2016-ல் தொடங்கிய வருத்தம். அந்த வருடம் பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா டெக்சாஸில் ஒரு பண்ணை விடுதிக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அன்றைக்கே, செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல், அடுத்த ஜனாதிபதி வரும்வரை இந்த இடத்தை நிரப்பக் கூடாது, மக்கள் முடிவு செய்யட்டும் என்று அறிக்கை விட்டார். ஒபாமாவுக்கு இன்னும் பதினொரு மாதம் பதவி இருந்தது.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கோர்ட்டைப் பார்க்கப் போனேன். அங்கே இரண்டு வரிசை உண்டு, முழு வாதத்தையும் கேட்க ஒன்று, சும்மா மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வர ஒன்று. நான் நின்றது இரண்டாவதில். உள்ளே விட்டதும் கண்ணில் பட்டது தலைமை நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலிதான், அதற்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள், அதற்கு நேர் முன்னால் மேடை விளிம்பிலும் அதே துணி. யாரோ வாதாடிக்கொண்டிருந்தார், ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. துக்கத் துணியை எடுப்பதற்கு முன்பே அந்த நாற்காலி யாருக்கு என்று சண்டை முற்றிவிட்டதே என்றுதான் தோன்றியது.

அந்த இடத்துக்கான பரிசீலனையில் நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன் பெயரும் இருக்கிறது, அவர் அப்பா நம் திருநெல்வேலிப் பக்கத்து மேலத்திருவேங்கடநாதபுரத்துக்காரர் என்று நீ நடுராத்திரியில் போன் போட்டுக் கத்தியது ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் மார்ச் 16 அன்று ஒபாமா சொன்னது நீதிபதி மெரிக் கார்லண்ட் பெயரை. 63 வயது, இரண்டு கட்சியிலும் மதிப்புள்ள மனிதர். அவரை ஒருநாள் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, ஓட்டுக்கும் விடவில்லை. 293 நாள் காத்திருந்தார், பிறகு அந்த நியமனம் தானாகவே காலாவதியானது. பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்திருக்கலாமே, அதுகூடச் செய்யவில்லை.

அந்தக் கோடையில்தான் நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது நூறு கேள்வியில் பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்பதும் அதில் ஒன்று. என் கையிலிருந்த புத்தகத்தில் ஒன்பது, கண்ணால் பார்த்துவிட்டு வந்தது எட்டு. எதைச் சொல்வது என்று ரயிலில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். அதிகாரி அதைக் கேட்கவில்லை.

எட்டுப் பேர் என்றால் என்ன ஆகும் என்பதை ஜூன் 23 அன்று பார்த்தோம். நாடுகடத்தலிலிருந்து சுமார் 40 லட்சம் பேருக்குப் பாதுகாப்பு தர ஒபாமா கொண்டுவந்த திட்டம், நாலுக்கு நாலு என்று நின்றது. சமமாகப் பிரிந்தால் கீழ்க் கோர்ட் சொன்னதுதான் நிற்கும், அது திட்டத்தைத் தடுத்துவைத்திருந்தது. அந்தத் தீர்ப்பு ஆங்கிலத்தில் ஒன்பதே சொல், மக்கா. அத்தனை குடும்பம் காத்திருந்ததற்கு ஒன்பது சொல்.

நான் எந்தப் பக்கம் சாய்பவன் என்று உனக்குத் தெரியும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1992-ல், காலியிடமே இல்லாதபோது, தேர்தல் நேரத்தில் இடம் காலியானால் பொறுத்திருக்க வேண்டும் என்று செனட்டில் பேசியவர் ஜோ பைடன். 2013-ல் கீழ்க் கோர்ட் நீதிபதிகளுக்கு 60 ஓட்டு தேவை என்ற தடையை எடுத்து, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கியது ஜனநாயகக் கட்சி. 2017-ல் அதையே சுப்ரீம் கோர்ட்டுக்கும் நீட்டி, ஸ்கேலியாவின் நாற்காலியில் நீல் கோர்சச்சை 54-45 என்று உட்காரவைத்தது குடியரசுக் கட்சி.

போன மாதம் 18-ந்தேதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள்தான். அதே மெக்கானல் அன்று இரவே, டிரம்ப் சொல்பவருக்குச் செனட்டில் ஓட்டெடுப்பு உண்டு என்றார். எங்கள் கட்சி ஜனாதிபதி இருந்தாலும் இதேதான், என் வார்த்தையை எனக்கு எதிராகவே பயன்படுத்துங்கள் என்று 2016-ல் சவால்விட்ட குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம்தான் இப்போது நீதிபதி நியமனத்தை விசாரிக்கும் செனட் குழுவின் தலைவர். தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, 52-48 என்று முடித்துவிட்டார்கள். கோடிக்கணக்கானோர் அதற்குள் ஓட்டே போட்டாயிற்று, நானும் என் ஓட்டைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சட்டப்படி இரண்டுமே தப்பில்லை என்று எழுதியிருந்தாய். வக்கீலாக நீ சொல்வது சரி, அரசியல் சாசனத்தில் கெடு எதுவும் இல்லை. அப்போது செனட்டும் ஜனாதிபதியும் வேறு வேறு கட்சி, இப்போது ஒரே கட்சி என்று அவர்களும் விளக்கம் சொல்கிறார்கள். அப்படியானால் 2016-லேயே, எங்களிடம் ஓட்டு இருக்கிறது, தர மாட்டோம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மக்கள் முடிவு செய்யட்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, நாலே வருடத்தில் அந்த மக்கள் வரிசையில் நிற்கும்போதே கதவைச் சாத்தினார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஸ்கேலியாவை 1986-ல் 98-0 என்று ஒப்புக்கொண்ட செனட் இது. 1993-ல் கின்ஸ்பர்க்குக்கு 96-3. தீர்ப்பில் எதிரும் புதிருமாக நின்ற அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓபரா என்ற இசை நாடகம் பார்க்கப் போவார்கள், புத்தாண்டு இரவை இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கழிக்கும். இன்றைக்கு அந்த இரண்டு பேரையும் நிறுத்தினால் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு ஓட்டு விழுமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் கோர்ட் திறந்துவிட்டதா, இல்லை இன்னும் வீடியோவில்தான் வாதமா? ஞாயிறு காலை, உன் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன், போனைச் சார்ஜில் போட்டு வை.

உன்
பழைய ரூம்மேட்