மார்ச்சில் எடுத்த முடிவு, ஆகஸ்டில் வந்த செய்தி: தமிழ் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) சோதனைக் கிணறுகள் தோண்ட மத்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. தேவிபட்டினம் தொடங்கி வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் கிடக்கும் எங்களுக்கு விஷயம் தெரிந்தது ஆகஸ்டில், உங்கள் செய்தியைப் பார்த்துத்தான்.

அப்புறம் விவாதங்கள் நடந்தன. ஆளுங்கட்சிக்காரர் டெல்லியைத் திட்டினார், எதிர்க்கட்சிக்காரர் கோட்டையைத் திட்டினார். அந்த ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்ட நெறியாளரை நான் பார்க்கவில்லை. உறுப்பினர்களின் பெயரைப் பரிந்துரைப்பது மாநில அரசு, ஆணையத்தை அமைப்பது மத்திய அரசு. ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட இதைவிட வசதி வேண்டுமா?

அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாக அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். சரி, எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் சுயமாக முடிவெடுக்க வேண்டிய அமைப்புக்கு அரசு அப்படிச் சொல்லலாமா, எந்த விதியின் கீழ் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்க வேண்டாமா? இன்றைக்கு நமக்குப் பிடித்த உத்தரவைப் போட முடிகிறவர்கள் நாளைக்குப் பிடிக்காததையும் போடுவார்கள்.

எங்களை உறுத்துவது அந்த ஐந்து மாதம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக, உத்தரவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அது தெரிவிக்கப்பட்ட நாள் எது என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஆகஸ்டில் செய்தி படித்த மீனவரும் மிளகாய் விவசாயியும் என்ன செய்வார்கள்? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் 2020 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. எங்கள் காதுக்கு எட்ட உங்களைத் தவிர வேறு வழியில்லை.

ஆணையத்தின் நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. திட்டத்தின் பெயர், நிறுவனம், நிபந்தனைகள் என்று வரிசையாகப் போகும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அமைச்சர் பேட்டி மாதிரி சூடு கிடையாது. இருந்தாலும் ஒரு நிருபரை அதற்கென்று ஒதுக்குங்கள். நிரலில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்தால், முடிவுக்கு முன்பே மாவட்டப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: எந்த ஊர், என்ன திட்டம், கூட்டம் என்றைக்கு, ஆட்சேபத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது. மனு எழுதுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை வாசகன்